முள்ளம்பன்றி தின்ற சாட்சி

“பன்னி கடிக்கிறதுக்கு முந்தி இந்த எலும்புல என்ன தம்பி இருந்துச்சு?”

கேட்டவர் சுடலை, மாந்தோப்புக் காவல்காரர். கேட்ட இடம் ராஜபாளையத்தில் என் அத்தாவின் கறிக்கடை. மத்தியான வியாபாரம் முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். என் கையில் டார்ச், அவர் கையில் அருவாள், அத்தா கையில் அணைந்துபோன பீடி. அத்தனை வருஷம் எலும்பு பார்த்தே சோறு தின்ற எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் அந்த இடத்தில், அந்த நொடியில், எனக்கு ஒரு யோசனை வந்தது. எலும்பை முள்ளம்பன்றிக்கே திருப்பிக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. முதலிலிருந்து வருகிறேன்.

என் பெயர் காதர். வயது முப்பத்திரண்டு. போன மாதம் ஓய்வு பெற்றேன். சிரிக்க வேண்டாம், ஒப்பந்த வேலைக்காரனுக்குத் திட்டம் முடிகிற நாள்தான் ஓய்வு பெறுகிற நாள். ஒன்பது வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீட்டில் எலும்புகளோடு இருந்தேன். கடைசி நாள், திட்டத்தை நடத்திய மேடம் கால் கிலோ பால்கோவா வாங்கி வந்தார். ஆளுக்குப் பாதி தின்றோம், சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தோம், முடிந்தது.

அடுத்த திட்டத்துக்கு நாலு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எலும்பைக் கையில் எடுக்கிற வேலைகூட அதிகம் இல்லை. படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் இது சிறுத்தைப் பல், இது நாய்ப் பல் என்று அதுவே பெயர் சொல்லிவிடுகிறது. “நீங்க வெறுங்கண்ணால எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? எழுதுங்கண்ணே” என்று வாட்ஸ்அப்பில் விடாமல் நச்சரிக்கிறார்கள். கண்டுபிடித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவை எல்லாம் அறிக்கையில் இருக்கின்றன, படித்துக்கொள்ளட்டும். அறிக்கையில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

காலேஜில் விலங்கியல் படித்தபோது ஒரு படம் பார்த்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு குகையில் கிடைத்த மண்டையோட்டுத் துண்டு. பத்து லட்சம் வருஷத்துக்கும் முந்தையது. நம் மூதாதை வகையைச் சேர்ந்த ஒரு சின்ன உயிருடையது. அதன் பின்பக்கத்தில் இரண்டு ஓட்டை. பக்கத்துப் படத்தில் ஒரு சிறுத்தையின் கீழ்த்தாடையை வைத்திருந்தார்கள். இரண்டு கோரைப்பல்லும் இரண்டு ஓட்டைக்குள்ளும் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்றைக்கு மெஸ்ஸில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் இல்லை, பரபரப்பால்.

அதைவிட அதன் பின்கதைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. அந்த மாதிரிக் குகைகளில் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்தபோது முதலில் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆதிமனிதன் கொலைகாரன், எலும்பையே ஆயுதமாக்கித் தன் இனத்தையே அடித்துக் கொன்றான் என்று சொன்னார்கள். உலகமும் நம்பியது. பல வருஷம் கழித்துப் பொறுமையான ஆட்கள் வந்து ஒவ்வொரு எலும்பாகத் திருப்பிப் பார்த்தார்கள். சிறுத்தை தின்று போட்டது, கழுதைப்புலி நொறுக்கியது, முள்ளம்பன்றி இழுத்து வந்து கொறித்தது. வாள்பல் பூனையும் சிங்கம் பருமன் கழுதைப்புலியும் திரிந்த காலத்தில் நம் ஆள் வேட்டைக்காரனாக இல்லை, இரையாக இருந்திருக்கிறான். செத்தவன் மேல் கொலைப்பழி போட்டிருந்தார்கள்.

இந்தக் கதையை நான் எத்தனை பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பேன்! கை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி. “அவசரப்பட்டு மனுசன் மேல பழி போட்டாங்க பாத்தீங்களா?” என்று முடிப்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திட்டம் இதுதான். அன்றைய மிருகம் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் இன்றைய மிருகம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். மலையடிவாரத்தில் சிறுத்தை தின்ற மான், செந்நாய் தின்ற பன்றி, தெருநாய் தின்ற ஆடு, எது கிடைத்தாலும் மிச்சத்தைப் பொறுக்கி வருவது என் வேலை. சோப்புத்தூள் போட்டுக் கொதிக்க வைப்பேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காயப்போட்டு, மையில் நம்பர் எழுதுவேன். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்ன பாய், இன்னைக்கு ரசமா, சூப்பா?” என்பார். எங்கள் வீட்டில் அதைவிட மோசம். “எலும்பு பொறுக்குறவனுக்கு எவன் பொண்ணு தருவான்” என்று அம்மா அழும். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். வாரத்தில் நாலு நாள் மலைக்குத் தனியாகப் போவேன், தனியாக வருவேன். மூன்று நாள் அறையில் தனியாக இருப்பேன். சில நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் “ரெண்டு பரோட்டா” என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தையாக இருக்கும்.

மேடம் பெயர் வசுந்தரா. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நாற்பது வயது இருக்கும். மாதத்தில் பாதி நாள் மதுரையில் அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சல். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். நான் ஓடிப்போய், “மேடம், இது சிறுத்தை!” என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “வேற யாரு?” என்பார். வேறு யார் இதைச் செய்திருக்கலாம் என்று அர்த்தம். நான் “நாய்” என்றால், “வேற யாரு?” என்பார். நாலாவது பெயர் வரும்வரை விடமாட்டார். நான் துள்ளினால் மட்டும், “ஏம் தொந்தர?” என்று தெலுங்கில் கேட்பார். என்ன அவசரம் என்று அர்த்தம். ஒன்பது வருஷத்தில் என்னிடம் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் வைத்த சட்டம் மூன்று. ஒன்று, உச்சி வெயிலில் எலும்பைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. தலைக்கு மேல் வெளிச்சம் இருந்தால் பள்ளத்தின் ஆழம் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை எலும்போடு ஒட்டிப் படுக்கவைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்துக்குள் நிழல் விழும். கத்திக் கீறல் என்றால் அடி கூர்மையாக இருக்கும். சிறுத்தைப் பல் என்றால் அடி உருண்டையாக இருக்கும். இரண்டு, எதைப் பார்த்தாலும் பல் டாக்டர்கள் அச்செடுக்கிற மாவை அப்பி அச்சு எடுத்துவிட வேண்டும். மூன்று, நோட்டில் மூன்று பத்தி. கண்டது, நினைத்தது, தெரியாதது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு அந்த மூன்றாவது பத்தி பிடிக்காது. பரீட்சையில் தெரியாத கேள்வியின் நம்பரை எழுதிவைப்பது மாதிரி இருக்கும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

தேவதானத்துக்கு மேற்கே மலையை ஒட்டி ஒரு பெரிய மாந்தோப்பு. அதற்கு இரண்டு காவல்காரர்கள். மேல்முனையில் பொன்னையா, கீழ்முனையில் சுடலை. பொன்னையாவை நாலு மாதமாகக் காணவில்லை. எங்கோ கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று பாதிப்பேரும், சிறுத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று மீதிப்பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் புல்லறுக்கப் போனவர்கள் தோப்புக்கு மேலே ஒரு பாறையிடுக்கில் எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் கிழிந்த சட்டைத்துணி, துருப்பிடித்த டார்ச்.

வனத்துறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மேடம் மதுரையில். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பாறைக்குக் கீழே முப்பது பேர் நிற்கிறார்கள். பொன்னையாவின் மனைவி செல்லம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார், அழவில்லை. கூட்டத்தில் ஒருவர், “கூண்டு வைங்கய்யா, இல்லாட்டி நாங்களே வெசம் வைப்போம்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சிறுத்தையை எனக்குத் தெரியும். பெட்டை. மூன்று வருஷமாக அது தின்று போட்டதைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தது ஒரே ஒரு முறை, வாலை மட்டும். ஆனாலும் அதைத் தவிர அந்த மலையில் எனக்குப் பழக்கமானவர் யார் இருந்தார்கள்?

அனுமதி வாங்கி எலும்பைக் கையில் எடுத்தேன். வலது தொடை எலும்பு. மேல்முனை இல்லை. முனை இருந்த இடத்தில் வரிசையாக, பக்கம் பக்கமாக, சீவி விட்டது மாதிரிப் பட்டைகள். லென்ஸ் பைக் பெட்டியில் இருந்தது. இறங்கிப் போய் எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆகும். போகவில்லை. எனக்கு லென்ஸ் எதற்கு? பிறந்ததிலிருந்து அத்தாவின் கடையில் கட்டைமேல் எலும்பு வெட்டுப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன். பழக்கத்தில் அச்சு மட்டும் எடுத்தேன்.

“என்ன தம்பி, சிறுத்தைதான?” என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

“சிறுத்தை இல்ல” என்றேன். “பல்லு இப்படிச் சீவாது. இது அருவா வெட்டு மாதிரி இருக்கு.”

மாதிரி என்றுதான் சொன்னேன். ஒரு மனுஷருக்கும் அது கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் சுடலை நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் அருவாள். காவல்காரர் இடுப்பில் அருவாள் இல்லாமல் எப்படி இருக்கும்? இரண்டு பேருக்கும் ஆகாமல் பேச்சு நின்றிருந்தது என்பது ஊருக்கே தெரியும் போல. எனக்குத் தெரியாது.

அதிகாரிகள் என் பேச்சை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. எலும்புகளை முறைப்படி கட்டி மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் பரிசோதனை எதற்கு? கறிக்கடைப் பாய் மகன் சொல்லிவிட்டானே.

நான் சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. சிறுத்தையைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம். நோட்டில் கண்டது எழுதினேன், நினைத்தது எழுதினேன். தெரியாதது என்ற பத்தியில் ஒரு கோடு இழுத்து மூடினேன்.

ஒன்பதாம் நாள் காலையில் எலும்பு அறை வாசலில் ஒரு குரல். “இங்கனதான் எலும்பு பாக்குற பாய் தம்பி இருக்காவளா?”

சுடலை நின்றிருந்தார். கையில் துண்டு சுற்றிய ஒரு பொருள். உள்ளே வந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அருவாள். நான் இரண்டடி பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டேன்.

“பயப்படாதீய. வெட்ட வரல. வெட்டிக் காட்ட வந்தேன்.”

“உக்காருங்கண்ணாச்சி.”

“உக்காந்துக்கிடுதேன். டீக்கடையில எனக்கு டீ குடுக்க மாட்டேங்கான். தோப்புக்காரர் அவிய, கொஞ்ச நாள் வராதன்னுட்டாவ. எம்பொண்டாட்டியே நேத்து கேக்கா, நெசமாச் சொல்லுங்க, என்ன நடந்துச்சுன்னு.” அவர் அருவாளைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு பேசினார். “நீங்கதான சொன்னிய. என்னத்தப் பாத்துச் சொன்னியளோ, அத எனக்கும் காட்டுங்க. இந்தா இருக்கு என் அருவா. ஒரு எலும்ப வெட்டிப் பாருங்க. ஒத்துப்போச்சுன்னா நானே போயி டேசன்ல உக்காந்துக்கிடுதேன்.”

அச்சு அலமாரியில்தான் இருந்தது. அங்கேயே எடுத்துப் பார்த்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. “வாங்க, எங்க அத்தா கடைக்குப் போவோம்” என்றேன். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில், நடுவில் துண்டுக்குள் அருவாள். அச்சு என் மடியில் ஒரு டப்பாவுக்குள்.

அத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஊருல எல்லாரும் கறி கேக்காக, எம்மவன் ஒருத்தந்தான் எலும்பு கேக்கான்” என்று முனகிக்கொண்டே ஆட்டுத் தொடை எலும்பு நாலு எடுத்துப் போட்டார். ஷட்டரைப் பாதி இறக்கினோம். சுடலை கட்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அருவாளை ஓங்கி இரண்டு தடவை பாதியில் நிறுத்தினார்.

“ஏய்யா, வெரல வெட்டிக்கிடாத. பொறவு அதையும் இவன் அச்செடுப்பான்” என்றார் அத்தா.

சுடலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் தயக்கம் போய்விட்டது. ஓங்கி ஒரு வெட்டு, சாய்த்து ஒரு வெட்டு, சீவி ஒரு வெட்டு. ஒவ்வொன்றையும் துடைத்து, டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கூர்மையான பள்ளம். ஓரத்தில் சில்லு தெறித்திருந்தது. அவர் அருவாள் வாயில் ஒரு சின்ன முறிவு இருந்தது. அது ஒவ்வொரு சீவலிலும் ஒரு மெல்லிய கோட்டை இழுத்திருந்தது, கையெழுத்துப் போட்ட மாதிரி.

பிறகு அச்சை எடுத்து வைத்தேன். அதே டார்ச், அதே சாய்வு.

அச்சில் மேடாக எழும்பியிருந்த பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தது. உளி வைத்துத் தள்ளியது மாதிரி, இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக. சில்லு இல்லை, கோடு இல்லை. அத்தா குனிந்து பார்த்துவிட்டு, “இது வெட்டே இல்லலே. வெட்டுனா எலும்பு வாய் பொளந்து நிக்கும். இது கொஞ்சங் கொஞ்சமாச் சொரண்டுனது” என்றார். நாற்பது வருஷம் வெட்டியவருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. அவர் வெட்டுவதை ஓரமாக நின்று பார்த்ததையே நான் தொழில் தெரிந்ததாக நினைத்துவிட்டேன்.

அது முள்ளம்பன்றி. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்கவும் சத்துக்கும் காய்ந்த எலும்பைத் தேடித் தேடி இழுத்துப்போய்ப் பொந்தில் வைத்துக் கொறிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொன்னவனே நான்தான். குகையில் முள்ளம்பன்றி குவித்த எலும்பைப் பார்த்து மனுஷன் மேல் பழி போட்டவர்களின் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன். அதே பாறை, அதே மிருகம், அதே பழி. இந்த முறை செத்தவன் மேல் இல்லை, எதிரே உயிரோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர் மேல்.

சுடலையிடம் சொன்னேன். “அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. இது முள்ளம்பன்றி.”

அவர் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் அச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “பன்னி கடிக்கிறதுக்கு முந்தி இந்த எலும்புல என்ன தம்பி இருந்துச்சு?”

முள்ளம்பன்றி மேற்பரப்பை முழுக்கத் தின்றிருந்தது. அதற்குக் கீழே சிறுத்தைப் பல் இருந்ததா, பாறையில் விழுந்த முறிவு இருந்ததா, ஒன்றுமே இல்லையா, தெரியாது. அருவாள் வெட்டு இருந்திருக்க முடியாது என்றுகூட அந்த எலும்பை வைத்துச் சொல்ல முடியாது.

மேடத்துக்குப் போன் பண்ணினேன். முழுக்கச் சொன்னேன். எந்த ஊர், எத்தனை பேர் முன்னால் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “எங்க நின்னு சொன்னியோ அங்கயே போய் நின்னு சொல்லு” என்றார். “ஏம் தொந்தர” என்று கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்த ஊர் டீக்கடை முன்னால் நின்று சொன்னேன். சுடலை கூட வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. முப்பது பேர் முன்னால் ஒரு வாக்கியத்தில் சொன்னதை, பத்துப் பேர் முன்னால் கால் மணி நேரம் சொன்னேன். அச்சைக் காட்டினேன், டார்ச் அடித்துக் காட்டினேன்.

“முள்ளம்பன்னி அருவா வச்சிருக்குமா?” என்றார் ஒருவர். சிரிப்பு.

“எம்புட்டு வாங்குனான்னு கேளுடே.”

“கறிக்கடைப் பாய் மகனுக்குத் தெரியாத வெட்டா? மொத நாள் சொன்னதுதான் நெசம்.”

செல்லம்மா கடைக்குப் பின்னாலிருந்து வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. “அப்ப யாரு?” என்று கேட்டார்.

“தெரியலம்மா.”

“சிறுத்தையா?”

“தெரியலம்மா. கால் தவறி விழுந்திருக்கலாம். பாம்பாக்கூட இருக்கலாம். எலும்ப வச்சுச் சொல்ல முடியல.”

“தெரியாதவன் அன்னைக்கு எதுக்கு வாயத் தொறந்த?”

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. நான் எழுதிய எந்த அறிக்கைக்கும் அவ்வளவு சரியான விமர்சனம் வந்ததில்லை.

திரும்பும்போது ரோட்டோரம் சுடலை காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். கொஞ்ச தூரம் பைக்கைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தேன். அப்போதுதான் அவர் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

தோப்புக் காவலில் ஒரு வழக்கம் உண்டாம். பொழுது சாயும்போது மேல்முனைக்காரர் ஒரு குரல் கொடுப்பார், கீழ்முனைக்காரர் பதில் குரல் கொடுப்பார். பன்றி, கரடி, சிறுத்தை எல்லாம் இறங்குகிற நேரம். இரண்டு பேரும் முழுசாக இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. குரல் வராவிட்டால் மற்றவர் பந்தத்தோடு ஓட வேண்டும். பதினோரு வருஷம் ஒருநாள்கூடத் தவறவில்லை.

“நாந்தான் தம்பி கெடுத்தேன். ஏலே பொன்னையா, நீ கூப்புடுறது பொட்டக் கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்குலேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிப்புட்டேன். சிரிச்சுட்டானுவ. அவனுக்கு மொகம் செத்துப்போச்சு. இனி நான் கூப்புடல, நீ கேக்க வேண்டாம்னுட்டான். நாலு நாளு குரல் இல்ல. நானும் வீம்புக்குக் குடுக்கல. அஞ்சா நாளு மேல போயிப் பாத்தேன். கட்டில் கெடக்கு, ஆளு இல்ல. எந்த நாளுல போனான்னே தெரியாது.”

பாறையடியில் கூட்டம் திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிந்தது, நானும் பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்ன அருவாள் வெட்டு அந்த முகத்தோடு ஒத்துப்போனது என்று நினைத்தேன். அது குரல் கொடுக்காமல் இருந்த இந்தக் குற்றம்.

வாள்பல் பூனை காலத்தில் பாறைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நம் ஆட்களும் அந்தி நேரத்தில் இதைத்தான் செய்திருப்பார்களோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பல் இல்லை, நகம் இல்லை. இருக்கியா, இருக்கேன், அவ்வளவுதான் இருந்திருக்கும். இது மண்டையோட்டில் பதியாது. அதனால் இது என் மூன்றாவது பத்தி.

சில மாதம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்ததாகச் சொன்னார்கள். எலும்புகளிலிருந்து சாவின் காரணம் சொல்ல இயலாது. சுடலைமேல் வழக்கு இல்லை. ஆனால் வழக்கு இல்லை என்பதும் குற்றம் இல்லை என்பதும் டீக்கடையில் ஒன்றாகிவிடாது. இப்போது அவர் செட்டியார்பட்டிப் பக்கம் வேறொரு தோப்பில் காவல் இருக்கிறார். தனியாள். எதிர்முனையில் யாரும் இல்லை. பழக்கத்தில் பொழுது சாயும்போது ஒரு குரல் கொடுக்கிறாராம். பக்கத்துத் தோட்டத்து நாய் பதில் சொல்கிறதாம்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முள்ளம்பன்றி கொறித்த பட்டைக்குக் கீழே பழைய குறியின் அடிப்பகுதி எங்காவது ஒரு மயிரிழை மிச்சம் இருக்குமா? இருந்தால் எப்படித் தெரியும்? திட்டத்தில் இதற்கு இடமில்லை, நேரமில்லை. பிள்ளைகளின் கம்ப்யூட்டரிடம் அச்சின் படத்தைப் போட்டுப் பார்த்தேன். முள்ளம்பன்றி என்று உடனே சரியாகச் சொன்னது. முந்தி என்ன இருந்தது என்று அதற்குக் கேட்கத் தெரியவில்லை. குறை சொல்லவில்லை, சுடலை கேட்கும்வரை எனக்கும் தெரியவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் கொட்டிக் கிடக்கிறது. வனத்துறைக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். இருபது எலும்பு தயார். பத்தில் சுடலையின் அருவாள் வெட்டு, அந்த முறிவுக் கோட்டோடு. ஐந்தில் நான் பொறுக்கி வைத்திருந்த சிறுத்தைப் பல் குறி. ஐந்து வெறும் எலும்பு. எல்லாவற்றுக்கும் அச்சு எடுத்தாயிற்று. மையில் நம்பர் எழுதினால் பன்றி அதையும் தின்னும் என்பதால் நடுவில் துளை போட்டுச் செம்புக்கம்பியில் தகடு கட்டியிருக்கிறேன். நாளைக் காலை அதே பாறையிடுக்கில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் எடுத்து, அச்செடுத்து, திரும்ப வைக்க வேண்டும். ஒரு வருஷமோ இரண்டோ, பன்றி முடிக்கும்வரை. மேடத்திடம் சொன்னேன். “கோடு தெரியலன்னா?” என்று கேட்டார். “தெரியலன்னு எழுதுவேன்” என்றேன். சரி என்றார்.

கோடு தெரிந்தால், சுடலையின் அருவாள் பன்றிக்குப் பிறகும் அடையாளம் விடும் என்று ஆகும். பொன்னையாவின் எலும்பில் அது இல்லை என்று அதே டீக்கடையில் போய்ச் சொல்லலாம். செல்லம்மா வந்து நிற்பாரா என்று தெரியாது. கோடு தெரியாவிட்டால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

மூட்டையைத் தூக்க சுடலை வருகிறார். இன்றைக்குச் சாயங்காலம் போனில் ஏற்பாடு பேசினோம். இடுக்குக்குள் ஒரு ஆள்தான் நுழைய முடியும், அவர் கீழே நிற்பார்.

“உள்ள போனதும் உங்களக் கண்ணுல தெரியாது. நான் குரல் குடுப்பேன். செத்த நேரத்துல பதில் வரல, மேல ஏறி வந்துருவேன்” என்றார்.

“சரிண்ணாச்சி. ஆனா எனக்குக் கத்திப் பழக்கமில்ல. கீச்சுக் கீச்சுன்னு வரும். சிரிக்கக்கூடாது.”

“சிரிக்க மாட்டேன் தம்பி” என்றார்.